தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பது: எந்த எடை, எந்த ஈயம், எந்த ஒழுங்கு

இலங்கை மலைநாட்டின் காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடுபவர்கள் சொந்தமாக ஈயக்குண்டு வார்க்கத் தொடங்கினால், பெரும்பாலும் ஈயத்தை உருக்குவதில்தான் தொடங்குகிறார்கள். அது பின்வாசலால் நுழைகிற வேலை. எடை, அதற்கேற்ற ஈயம், இடம், காய்ந்த அச்சு எல்லாம் தயாரான பிறகே அடுப்பு மூட்டவேண்டும். மலைநாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஈரம். உருகிய ஈயத்துக்குள் போகும் ஒரு துளி நீர் நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1700 மடங்கு விரிகிறது. சட்டியில் இருக்கும் ஈயம் முகத்துக்கு நேரே தெறிக்கும். கீழே உள்ள ஒழுங்கில் பெரும்பகுதி ஈரத்தை வெளியே வைப்பதற்காகவே உள்ளது. ஒரு படியையும் இடம் மாற்றவேண்டாம்.

1. முதலில் எடையைத் தீர்மானியுங்கள்

புதியவர்கள் எப்போதும் தேவைக்கு மேல் கனமாக வார்க்கிறார்கள். நீர்த்தேக்கத்தில் ஆற்றைப்போல இழுப்பு இல்லை. குண்டு செய்யவேண்டிய வேலை இரண்டுதான்: இரையைத் தூரம் கொண்டுபோவது, காற்று தங்கூசியை (தூண்டில் நூலை) இழுக்கும்போது இரை நகராமல் பிடிப்பது.

தக்கை போட்டுத் திலாப்பியா பிடிக்க 1 முதல் 5 கிராம் போதும். இந்த அளவுக்கு உருக்கவே தேவையில்லை. மெல்லிய ஈயத் தகட்டைக் கத்தரிக்கோலால் பட்டையாக வெட்டித் தங்கூசியில் சுற்றி அழுத்தினால் சரி. நூலில் ஓடும் குண்டுக்கு 10 முதல் 20 கிராம். அடியில் இரை வைத்துக் கெண்டைக்குக் காத்திருக்க 30 முதல் 60 கிராம். அதற்குமேல் வார்க்குமுன் தூண்டில் தடியின் அடியில் அச்சிட்டிருக்கும் எறியும் எடையைப் பாருங்கள். குண்டு, இரை இரண்டும் சேர்ந்து அந்த உச்ச எண்ணைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எறியும்போது தடி முறியும், அல்லது நூல் அறுந்து குண்டு மட்டும் பறக்கும்.

ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம். அதை வைத்து உருண்டைக் குண்டின் விட்டத்தைக் கணக்கிடலாம்: 10 கிராமுக்கு சுமார் 12 மி.மீ., 30 கிராமுக்கு 17 மி.மீ., 60 கிராமுக்கு 21.5 மி.மீ. விட்டம் இரட்டிப்பானால் எடை எட்டு மடங்காகும். அச்சைக் கண்ணளவில் கொஞ்சம் பெரிதாகக் கடைந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் கனமான குண்டோடு நிற்பது இதனால்தான்.

வடிவத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சரிவான கரையில் உருண்டை உருண்டுபோய்க் குழியில் நிற்கும். தட்டையான குண்டு நிற்கும் இடத்தில் நிற்கும், சேற்றிலும் ஆழப் புதையாது. கூர்நுனிக் குண்டு மணலுக்கு நல்லது. மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் சேற்றடிக்கு அதை நாங்கள் சொல்லமாட்டோம்.

2. எந்த ஈயம்

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. பழைய இரும்புக் கடையில் சாம்பல் நிறத்தில் கனமாக இருப்பதெல்லாம் ஒரே ஈயம் இல்லை.

மென்ஈயம். பழைய நீர்க்குழாய், கூரை மூலைகளில் அடித்திருந்த தகடு, பழைய கேபிளின் மேலுறை ஆகியவற்றில் கிடைக்கும். நகத்தால் அழுத்திக் கீறினால் தடம் விழும். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் கோடு வரும். பல்லால் கடித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதை விட்டுவிடுங்கள். நூலில் அழுத்தி மூடும் குண்டுக்கு இதைத் தவிர வேறெதுவும் சரிவராது. ஈயம் கடினமாக இருந்தால் மூடும்போது வாய் வெடிக்கும், அல்லது அதிக பலம் போட்டு அழுத்தி நூலை நசுக்கிவிடுவீர்கள்.

டயர் கடை ஈயம். சக்கரம் சமப்படுத்த விளிம்பில் கொளுவும் கட்டிகள். ஈயத்தோடு சில சதவீதம் அன்டிமனியும் மிகச் சிறிதளவு வெள்ளீயமும் கலந்தவை. மென்ஈயத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கடினம். கல்லில் அடிபட்டாலும் உருக்குலையாது, அச்சின் மூலைமுடுக்கை நன்றாக நிரப்பும். அடியில் கிடக்கும் 30 – 60 கிராம் குண்டுக்கு இதுவே எங்கள் முதல் தெரிவு.

ஆனால் டயர் கடை வாளியில் இப்போது நாகமும் (துத்தநாகம்) இரும்பும் கலந்தே வருகின்றன. ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். சீமெந்துத் தரையில் போட்டுப் பாருங்கள்: ஈயம் மொத்தென்று விழும், நாகம் கணீரென்று ஒலிக்கும். வெட்டுக் குறட்டால் கடித்தால் ஈயத்தில் குறடு இறங்கும், நாகத்தில் வழுக்கும். இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்த கட்டியை ஒதுக்கிவிடுங்கள். நாகம் கலந்துவிட்டால் உருகிய ஈயம் கஞ்சிபோலக் கட்டி கட்டியாகும், அச்சை நிரப்பாது. அந்தச் சட்டியைத் திருத்துவது வீண் வேலை.

மின்கலத் தகடு. வேண்டாம். வாகன மின்கலத்தை உடைத்து ஈயம் எடுக்கும் வேலையைத் தொடவே கூடாது. அமிலம் ஒருபக்கம். தகட்டின் பசை பெரும்பாலும் ஈயச் சேர்மங்களின் தூளாகவே இருக்கும். புதிய மின்கலங்களில் உள்ள கல்சியம், ஆர்சனிக், அன்டிமனி கசடாகி ஈரத்தைத் தொட்டால் நச்சு வாயு கிளம்பக்கூடும். இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மென்ஈயம் மட்டும் இருந்து, குண்டின் விளிம்புகள் மழுங்கி வந்தால் ஒரு கிலோவுக்கு 30 கிராம் பற்றாசுக் கம்பி சேர்க்கலாம். 60/40 கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) என்றால் அது சுமார் 18 கிராம் வெள்ளீயம், ஒன்றே முக்கால் சதவீதம். அதற்குமேல் போடுவது காசைக் கரைப்பது. கம்பியின் நடுவில் பசை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் புகை அதிகம் வரும்.

எவ்வளவு வேண்டும்? தொடங்க 2 கிலோ போதும். 30 கிராம் குண்டு அறுபதுக்கு மேல் வரும்.

3. இடமும் நாளும்

லயத்து அறைக்குள்ளோ, இஸ்தோப்பிலோ, குசினியிலோ இந்த வேலை ஒருபோதும் கூடாது. சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை தவழ்வதும் அடுத்தடுத்து நடக்கும் இடம் அது. உருகிய ஈயத்திலிருந்து எழும் ஆவி இந்த வெப்பத்தில் குறைவுதான். பெரிய ஆபத்து மேலே படரும் மஞ்சள், சாம்பல் நிறத் தூள். அது தரையில் படிந்து பிள்ளையின் கையால் வாய்க்குப் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

வீட்டிலிருந்து தள்ளி, காற்று ஒரே பக்கமாக வீசும் திறந்த வெளி வேண்டும். நீங்கள் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். கரட், லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்திலும் தண்ணீர்ப் பீலிக்கு மேற்புறமாகவும் அடுப்பு வைக்கவேண்டாம்.

நாள் தெரிவு செய்யும்போது, மழை இல்லை என்பது மட்டும் போதாது. பனிமூட்டம் இறங்கும் மாலையும், மரத்தில் நீர் சொட்டும் காலையும் பொருந்தாது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. தகரக் கூரையின் கீழ் செய்தால் மழை படாது என்று நினைப்பவர்கள், அதே தகரத்தின் அடியில் வியர்த்துச் சொட்டும் நீரை மறந்துவிடுகிறார்கள்.

4. தேவையான சாமான்கள்

அடி தடித்த இரும்புச் சட்டி. அலுமினியச் சட்டி கூடாது. சூட்டில் பலமிழந்து, தூக்கும்போது அடி கழன்றால் காலில்தான் விழும். இரும்பு அகப்பை ஒன்று, துளையிட்ட இரும்புக் கரண்டி ஒன்று. இவை மூன்றும் இனி எந்நாளும் சமையலுக்குத் திரும்பக்கூடாது, நிறம் பூசி அடையாளம் போட்டுவையுங்கள்.

ஆடாத அடுப்பு. காஸ் அடுப்பு சூட்டைக் கட்டுப்படுத்த வசதி. விறகு அடுப்பில் சூடு ஏறி இறங்கும், தொடங்குபவர்களுக்குச் சரிவராது.

முகம் முழுதும் மூடும் கவசம், தடித்த தோல் கையுறை, நீளக்கைப் பருத்திச் சட்டை. நைலோன் மேலங்கி உருகித் தோலில் ஒட்டும். றப்பர் பூட்ஸ் போட்டால் காற்சட்டையை அதற்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் பூட்ஸின் அகன்ற வாய் ஈயத்தை நேராகக் காலுக்கு இறக்கிவிடும். தூளுக்குத் துணி முகக்கவசம் போதாது, தூசு வடிகட்டும் என்95 வகை வேண்டும்.

வெப்பமானி இருந்தால் நல்லது. கதிரால் அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானியை நம்பவேண்டாம், பளபளக்கும் உலோகப் பரப்பில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். உலோகத்துக்குள் முனை இறங்கும் வகையே சரி.

5. அச்சைக் காயவைத்தல்

இரண்டு பாதியாகத் திறக்கும் அலுமினிய அச்சே எங்கள் தெரிவு. லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். சேரும் முகங்களில் மயிரிழை ஆழத்துக்குக் காற்றுக் கோடுகள் கீறச் சொல்லுங்கள். காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் ஈயம் உள்ளே இறங்காது.

சாந்து அச்சு மலிவு, ஆனால் மலைநாட்டுக் காற்றில் தானாகக் காயவே காயாது. மேல் வெள்ளையாகத் தெரியும், உள்ளே நீர் இருக்கும். அதுதான் வேண்டும் என்றால் 120 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து, மணிக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகே காய்ந்தது. கண்ணாலும் கையாலும் இதைச் சொல்ல முடியாது.

அலுமினிய அச்சின் உட்புறத்தை மெழுகுதிரிச் சுவாலையில் காட்டி மெல்லிய கரி படியவிடுங்கள். குண்டு ஒட்டாமல் கழன்று வரும். எண்ணெய் பூசவேண்டாம், ஆவியாகிக் குண்டில் குழி போடும். வளையத்துக்குப் பித்தளைக் கம்பி அல்லது துருப்பிடிக்காத கம்பி பாவியுங்கள், அதையும் அடுப்போரம் வைத்துச் சூடாக்கிய பிறகே அச்சில் பொருத்தவேண்டும்.

6. உருக்குதல்

ஒழுங்கு இதுதான். ஆறின சட்டி, ஆறின ஈயம், பிறகு நெருப்பு. எல்லா ஈயத்தையும் ஆரம்பத்திலேயே சட்டியில் போட்டுச் சேர்த்துச் சூடாக்குங்கள். ஒட்டியிருக்கும் ஈரம் ஈயம் உருகுமுன்னே ஆவியாகிப் போய்விடும். உருகிய பிறகு வெளியிலிருந்து ஒரு கட்டியைத் தூக்கிப் போடுவதுதான் விபத்துகளின் தாய். கூடுதல் ஈயம் தேவைப்பட்டால் அடுப்பை அணைத்து, சட்டியை ஆறவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

குழாய்த் துண்டு என்றால் நீளமாகப் பிளந்து விரித்த பிறகே சட்டிக்குள். இரு முனையும் நசுங்கிய குழாய்க்குள் நீர் அடைந்திருந்தால் அது வெடியாகும். டயர் கடை வாளியில் கிடக்கும் வால்வு, றப்பர், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் முன்பே பொறுக்கி எடுங்கள்.

தூய ஈயம் 327.5 பாகை செல்சியஸில் உருகும். வார்க்க 360 முதல் 390 வரை வைத்துக்கொள்ளுங்கள். 400ஐத் தாண்டாமல் இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. நாகம் உருகுவது 419.5 பாகையில். உங்கள் கண்ணுக்குத் தப்பிய நாகக் கட்டி இந்தச் சூட்டில் உருகாமல் மேலே மிதக்கும், துளைக்கரண்டியால் உடனே அள்ளிவிடலாம். இரும்புக் கொளுக்கிகளும் அப்படியே மேலே வரும்.

வெப்பமானி இல்லாதவர்கள் மென்ஈயத்தின் மேற்பரப்பைப் பார்க்கலாம். கசடு எடுத்ததும் வெள்ளிபோல இருந்தால் சரி. உடனேயே பொன்னிறம், ஊதா, நீலம் என்று நிறம் ஓடினால் சூடு அதிகம், தீயைக் குறையுங்கள்.

7. கசடு எடுத்தல்

முழுதும் உருகியதும் கொட்டைப்பாக்கு அளவு மெழுகுதிரித் துண்டு போடுங்கள். புகை எழும், தீப்பற்றும், எட்டி நின்று அதை எரியவிடுங்கள். பிறகு காய்ந்து சூடான கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகக் கிளறுங்கள். மெழுகு, மேலே படர்ந்த ஒக்சைட்டுத் தூளில் ஒரு பங்கை உலோகமாகத் திருப்பும். வெள்ளீயம் கசடோடு போகாமல் தங்கும், அழுக்கு மேலே திரளும்.

திரண்ட தூளை அள்ளி மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். இந்த வேலையிலேயே அதிக நஞ்சு இதில்தான். ஊதவும் கூட்டவும் வேண்டாம்.

8. வார்த்தல்

சூடேறாத அச்சில் நல்ல குண்டு வராது. அச்சைச் சட்டியின் விளிம்போரம் வைத்துச் சூடாக்குங்கள். போதுமா என்று பார்க்க நீர்த்துளி தெளிக்கும் பழக்கம் தோசைக்கல்லோடு நிற்கட்டும். முதல் ஐந்து ஆறு குண்டைக் கழிவு என்று வைத்துக்கொண்டு ஊற்றுங்கள், அச்சு தன் சூட்டுக்கு வந்துவிடும்.

அகப்பையையும் சட்டியின் மேல் சூடாக்கிய பிறகே ஈயத்துக்குள் இறக்குங்கள். தடங்கல் இல்லாமல் ஒரே ஓட்டமாக ஊற்றவேண்டும். வாய் நிரம்பியதும் நிறுத்தாதீர்கள், மேலே சிறு மேடு நிற்கும்வரை ஊற்றுங்கள். ஈயம் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை மேட்டிலிருக்கும் ஈயம் நிரப்பும். மேடு இல்லாவிட்டால் குண்டுக்குள் பொந்து விழும், எடை குறையும்.

மேட்டின் பளபளப்பு மங்கும்வரை பாருங்கள். மங்கிய பிறகு பத்து எண்ணித் திறவுங்கள், 60 கிராமுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். காய்ந்த சாக்கின்மேல் தட்டிப் போடுங்கள். குளிரவைக்க நீர் வாளியைப் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. சட்டி இருக்கும் இடத்தில் நீர் வாளிக்கு வேலையே இல்லை.

9. குண்டு சரியாக வராவிட்டால்

மேலே சுருக்கம் சுருக்கமாக இருந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது. இடைவெளி விடாமல் வேகமாக ஊற்றுங்கள். ஈயத்தின் சூட்டை ஏற்றுவது கடைசி வழி.

பனி பூத்ததுபோல மங்கிய வெள்ளையாக இருந்தால் அச்சு அதிகம் சூடு. தூண்டிலுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் சற்று ஆறவிடுங்கள்.

நடுவில் மெல்லிய இறகுபோல விளிம்பு வந்தால் அச்சின் இரு பாதியும் சேரவில்லை. இடையில் ஒரு ஈயத்துளி ஒட்டியிருக்கும். கத்தியால் சுரண்டினால் அச்சில் கீறல் விழும். அச்சு சூடாக இருக்கும்போது மரக் குச்சியால் தட்டி எடுங்கள்.

சிறு சிறு குழிகள் வந்தால் எண்ணெய் அல்லது ஈரம். உடனே நிறுத்துங்கள். அடுத்தது தெறிப்பாக இருக்கலாம்.

பத்துக் குண்டை நிறுத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஓரிரு சதவீதத்துக்குள் இருந்தால் உங்கள் கை சீரானது. மற்றவற்றைவிட தெளிவாகக் குறைந்த எடையில் இருப்பதற்குள் பொந்து இருக்கிறது, அடுத்த முறைக்கு ஒதுக்குங்கள். டயர் கடை ஈயத்தில் வார்த்தது மென்ஈயக் குண்டைவிடச் சற்று எடை குறைவாக இருப்பது பிழை இல்லை.

ஓரத்தை அரத்தால் ராவவேண்டாம், தூள் பறக்கும். கத்தியால் சீவினால் சுருளாக விழும், பொறுக்கி எடுக்கலாம்.

10. துப்புரவு

மீதி ஈயத்தைச் சட்டியிலேயே இறுகவிடாமல் சூடான காய்ந்த இரும்பு அச்சுகளில் கட்டியாக ஊற்றி, எந்த ஈயம் என்று ஆணியால் கீறி வையுங்கள். மென்ஈயமும் டயர் கடை ஈயமும் கலந்துவிட்டால் அடுத்த முறை நூலில் அழுத்தி மூடும் குண்டுக்கு உதவாது. கட்டிகளை மூடிய டின்னில், வீட்டுக்குள் உலர்ந்த மேல்தட்டில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

கையை முதலில் குளிர்ந்த நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கள். கழுவுமுன் தேநீர், வெற்றிலை, சிகரெட் எதுவும் வாய்க்குப் போகக்கூடாது. உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள், பீலியில் வேண்டாம். பிள்ளையைத் தூக்குமுன் குளித்து உடுப்பு மாற்றுங்கள். கசடு டின்னைக் குப்பைக் குழியிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். மூடி ஒட்டி, வெளியே “ஈயம்” என்று எழுதி, ஈயம் எடுக்கும் வியாபாரியிடமே கொடுங்கள்.

11. கட்டும்போது

காசல்ரீயிலும் மவுஸ்ஸாகலையிலும் நீருக்கடியில் கிடப்பது பழைய தேயிலை மலை. தூரும் கல்லும் குண்டைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே குண்டைப் பிரதான நூலில் நேராக முடியாமல், அதைவிட மெல்லிய நூலில் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கவிடுங்கள். பிரதான நூல் 6 கிலோ தாங்குமானால் குண்டு நூல் 3 கிலோ. சிக்கினால் குண்டு மட்டும் போகும், முள்ளும் மீனும் திரும்பும்.

ஆனால் ஒவ்வொரு எறிக்கும் சிக்குகிற இடத்தில் ஈயமே போடாதீர்கள். அந்த நீரைக் குடிப்பவர்கள் கீழே இருக்கிறார்கள், முக்குளிப்பான் போன்ற பறவைகள் சிறு ஈயத்தை விழுங்குவதும் உண்டு. பிரித்தானியா 1987இல் 28 கிராம் வரையான ஈயக்குண்டு பலவற்றைத் தூண்டிலுக்குத் தடை செய்தது அன்னங்கள் இறந்ததால்தான். அந்த இடங்களுக்குப் பழைய இரும்பு நட்டு போதும். நீருக்குள் ஈயம் தன் எடையில் சுமார் 9 சதவீதம் இழக்கும், இரும்பு 13 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். 50 கிராம் ஈயம் போடும் இடத்தில் சுமார் 52 கிராம் நட்டு அதே பிடி பிடிக்கும்.